ஓரறிவுயிர்களின் தொகை

உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்த தொல்காப்பிய மரபியல், தொட்டறியும் உணர்வு ஒன்றே உடைய புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என முதற்படியில் நிறுத்தியது. அதனோடு அமையாமல், புறத்தே வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் மேலும் பிரித்துக் காட்டியது. பனையும் தெங்கும் மூங்கிலும் முதல் வகையில் அடங்கும். வேம்பும் புளியும் இரண்டாம் வகையில் அடங்கும்.

வகுக்கத் தொடங்கியவர்க்கு அடுத்து எழும் வினா தொகை பற்றியது. உலகில் நிலைபெயராது நிற்கும் இவ்வுயிர்கள் எத்தனை வகைப்படும்? ஏட்டில் எழுதி முடித்துவிடக்கூடிய எளிய கணக்காகவே இது தோன்றும். செடி ஓடுவதில்லை, ஒளிவதில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆயினும் இந்த ஒரு வினாவுக்கு விடை காண ஐரோப்பிய அறிவுலகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முயன்றிருக்கிறது. அம்முயற்சியின் வரலாறு, அறிந்ததைக் கூட்டிச் சென்ற வரலாறாக மட்டும் அமையவில்லை. தவறாக எண்ணியதைக் கழித்துக்கொண்டே வந்த வரலாறாகவும் அது அமைந்தது.

ஒரே தலைப்பு, இரண்டு விடைகள்

தாவர வகைப்பாட்டியலுக்கென்றே வெளிவரும் 'டாக்ஸான்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் 2001ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியாயிற்று. விதைத் தாவரங்களில் எத்தனை சிற்றினங்கள் உள்ளன என்பதே அதன் தலைப்பு. எழுதியவர் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ அரசுத் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ரஃபேல் கோவார்ட்ஸ். அவர் கண்ட விடை 4,22,127. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2003இல், அதே இதழில் அதே தலைப்பில் மற்றொரு கட்டுரை வந்தது. அதை எழுதிய ராபர்ட் ஸ்காட்லாந்து, அலெக்சாண்ட்ரா வோர்ட்லி ஆகிய இருவரும் கண்ட விடை 2,23,300.

ஒரே உலகம், ஒரே வினா, ஒரே இதழ். விடைகளுக்கிடையே உள்ள இடைவெளியோ ஏறக்குறைய 2 லட்சம் சிற்றினங்கள். இரு தரப்பினரும் தம் துறையில் தேர்ந்தவர்கள். எவரும் கவனக்குறைவால் பிழை செய்யவில்லை. அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? அதை அறிய, எண்ணத் தொடங்கியவர்களின் காலத்துக்குச் செல்ல வேண்டும்.

அதற்குமுன் வகைப்பாட்டின் படிநிலைகளை நினைவிற்கொள்வது நன்று. தம்முள் கலந்து தம்மையொத்த வழித்தோன்றல்களைத் தரும் தாவரங்களின் கூட்டத்தைச் சிற்றினம் என்பர். நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்தது பேரினம். நெருங்கிய பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். குடும்பங்கள் பல சேர்ந்தது துறை. தாவரங்கள் எத்தனை என்னும் வினா இந்த நான்கு படிகளிலும் தனித்தனியே எழும். ஒவ்வொரு படியிலும் அதன் சிக்கல் வேறு.

எண்ணத் தொடங்கியோர்

கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்; அரிஸ்டாட்டிலின் மாணாக்கர். அவர் நூல்களில் ஏறக்குறைய 500 தாவரங்கள் இடம்பெற்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் டயோஸ்கோரிடீஸ் என்ற மருத்துவர் மருந்துக்கு உதவும் தாவரங்களாக 600 அளவில் தொகுத்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் இவ்விருவர் கூறியவற்றையே திருப்பிக் கூறி வந்தனர்.

கடல்வழிகள் திறந்தபின் நிலைமை மாறிற்று. புதிய நிலங்களிலிருந்து புதிய செடிகள் வந்தவண்ணம் இருந்தன. ஒரே செடிக்கு ஒவ்வோர் அறிஞரும் ஒரு பெயர் சூட்டினர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வாழ்ந்த காஸ்பர் போஹின் 1623இல் வெளியிட்ட 'பினாக்ஸ்' என்னும் நூல் ஏறத்தாழ 6,000 தாவரங்களைப் பதிவு செய்தது. அந்நூலின் பெரும் பயன் அதன் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் முன்னோர் இட்ட வெவ்வேறு பெயர்களை ஓரிடத்தில் திரட்டி, இவை யாவும் ஒன்றே என்று காட்டியதே அதன் அருஞ்செயல்.

ஆங்கிலேயரான ஜான் ரே, 1686 முதல் 1704 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட தம் தாவர வரலாற்றில் 18,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அடக்கினார். வித்திலை ஒன்று உடையவை, இரண்டு உடையவை என்ற பிரிவை வகைப்பாட்டில் நிலைபெறச் செய்தவரும் அவரே. ஆனால் அரை நூற்றாண்டுக்குப்பின், 1753இல், சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 'ஸ்பீசியஸ் பிளான்டாரம்' என்னும் நூலை வெளியிட்டபோது அதில் இருந்தவை ஏறக்குறைய 6,000 சிற்றினங்கள் மட்டுமே. உலகம் விரிந்துகொண்டிருந்த காலத்தில் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நிறத்தாலும் அளவாலும் மட்டும் வேறுபட்டவற்றைத் தனி இனமாக எண்ணக்கூடாது என்று லின்னேயஸ் கொண்ட உறுதியே இதற்கு முதன்மைக் காரணம்.

பேரினப் பெயரையும் சிற்றினப் பெயரையும் இணைத்து இரு சொற்களால் ஒரு தாவரத்தைக் குறிக்கும் முறை அந்நூலால் நிலைபெற்றது. இன்றும் தாவரப் பெயர்களின் முன்னுரிமை 1753ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. உலகம் முழுவதிலும் உள்ள தாவர இனங்கள் 10,000ஐ எட்டுவதே அரிது என்று லின்னேயஸ் அந்நூலில் மதிப்பிட்டிருந்தார். வெப்பமண்டலக் காடுகளின் வளத்தை அவர் நேரில் கண்டதில்லை. மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றி வான் ரீட் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' போன்ற நூல்கள் வழியாகவும், மாணாக்கர் அனுப்பிய உலர்ந்த மாதிரிகள் வழியாகவுமே அவர் அவ்வளத்தை அறிந்தார்.

அம்மாணாக்கருள் ஒருவர் யோகான் கெரார்டு கோனிக். அவர் 1768இல் டேனிஷ் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழகத்துக் கடற்கரையில் அவர் திரட்டிய தாவரங்கள் ஐரோப்பாவைச் சென்றடைந்தன. அவருக்குப்பின் 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லரும் இப்பணியைத் தொடர்ந்தார். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தவராகத் தமிழர் அறிந்த அதே ராட்லர் சேகரித்த செடிகள் இன்றும் கியூ தோட்டத்தின் உலர்தாவரத் தொகுப்பில் உள்ளன. சொற்களைத் திரட்டிய கையே செடிகளையும் திரட்டியது.

கியூ தோட்டத்தின் பேரேடு

பிரான்சு நாட்டு அந்துவான் லோரான் டி ஜூசியூ 1789இல் பேரினங்களை 100 இயற்கைக் குடும்பங்களாகத் தொகுத்தார். மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைப் பெரிதும் நம்பிய லின்னேயசின் செயற்கை முறைக்கு மாறாக, பல பண்புகளையும் ஒருங்கே நோக்கிய முறை அது. குடும்பங்களின் எண்ணிக்கை பற்றிய விவாதம் அந்த நூறிலிருந்தே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கியூ தோட்டம் உலகத் தாவரங்களின் கருவூலமாயிற்று. அங்கு ஜார்ஜ் பெந்தமும் ஜோசப் டால்டன் ஹூக்கரும் இணைந்து 1862 முதல் 1883 வரை 'ஜெனிரா பிளான்டாரம்' என்னும் பெருநூலை வெளியிட்டனர். முன்னோர் நூல்களைப் பார்த்து எழுதுவதோடு நில்லாமல், கிடைத்த மாதிரிகளைத் தாமே பிரித்து ஆராய்ந்து எழுதியது அவர்களது சிறப்பு. விதைத் தாவரங்களை ஏறக்குறைய 200 குடும்பங்களாகவும், 7,569 பேரினங்களாகவும், 97,205 சிற்றினங்களாகவும் அவர்கள் மதிப்பிட்டனர். லின்னேயஸ் எண்ணிய 10,000 என்னும் எல்லை ஏறத்தாழ ஒரு லட்சமாக உயர்ந்துவிட்டது.

ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலும், காம்பிள் 1915இல் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ஃபிஷர் 1936இல் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூலும் இம்முறையைத் தழுவியே எழுதப்பட்டன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தாவரவியல் பயின்ற பல தலைமுறையினர் பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள். ஆகவே 97,205 என்னும் எண் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அது முடிந்த முடிபன்று என்பதையே அவர்கள் பின்னர் அறிய நேர்ந்தது.

ஒரு செடிக்கு வழங்கும் பெயர்களுள் எது சரியானது, அது எங்கு முதலில் வெளியாயிற்று என்று தேடுவதில் சார்லஸ் டார்வினும் இடர்ப்பட்டார். தம் வாழ்வின் இறுதிக் காலத்தில், அறியப்பட்ட தாவரப் பெயர்கள் அனைத்தையும் அட்டவணைப்படுத்தும் பணிக்குத் தம் செல்வத்திலிருந்து பொருளுதவி செய்ய ஏற்பாடு செய்தார். அவர் 1882இல் மறைந்தபின்னும் அவர் குடும்பத்தார் அவ்வுதவியை வழங்கினர். ஹூக்கரின் மேற்பார்வையில் டேடன் ஜாக்சன் தொகுத்த 'இண்டெக்ஸ் கியூவென்சிஸ்' 1893 முதல் 1895 வரை வெளியாயிற்று. அதில் இருந்த பெயர்கள் லட்சக்கணக்கில் இருந்தன. உயிரினத் தோற்றத்தை ஆராய்ந்தவர் இறுதியில் செலவிட விரும்பியது ஒரு பெயர்ப் பட்டியலுக்கு என்பது நினைக்கத்தக்கது.

ஒரு செடி, பல பெயர்

ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் திரட்டுவதும், பல பொருளுக்கு வழங்கும் ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டுவதும் தமிழில் நிகண்டுகளின் பணி. சமணப் புலவர் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரு தொகுதிகளுள் மரப்பெயர்த் தொகுதி ஒன்று. ஒரு சொல் பல பொருள்களைக் குறிப்பதற்கெனவே தனித் தொகுதியும் அதில் உண்டு. தாவரவியலார் எதிர்கொண்ட சிக்கல் நிகண்டு அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். அவர்கள் முன் இருந்தது பெயர்களின் குவியல். அவர்கள் வேண்டியதோ செடிகளின் தொகை.

வீட்டு வாயிலில் நிற்கும் வேம்பையே எடுத்துக்கொள்ளலாம். 1753இல் லின்னேயஸ் அதற்கு இட்ட பெயர் மீலியா அசாடிராக்டா. அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து 1830இல் அசாடிராக்டா இண்டிகா எனப் பெயரிட்டவர், மேலே கூறிய ஜூசியூவின் மகன் அட்ரியன் டி ஜூசியூ. பின்வந்தோர் மீலியா இண்டிகா என்றும், அன்டெலேயா அசாடிராக்டா என்றும் எழுதினர். மரம் ஒன்று, பெயர் நான்கு. பெயர்களை மட்டும் எண்ணுவோர் கணக்கில் நான்கு மரங்கள் நிற்கும்.

துளசியின் கதை இதனினும் வியப்பானது. லின்னேயஸ் அதற்கு 1753இல் ஓசிமம் டெனுயிஃப்ளோரம் என்றும், 1767இல் ஓசிமம் சாங்டம் என்றும் தாமே இருமுறை பெயரிட்டார். இரண்டும் ஒரே செடி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்னும் விதிப்படி, நெடுங்காலம் நூல்களில் வழங்கிய சாங்டம் விலக்கப்பட்டது.

கறிவேப்பிலையின் சிற்றினப் பெயரான கோனிகீ, தரங்கம்பாடிக் கோனிக்கின் நினைவாக அமைந்தது. முதலில் பெர்கேரா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்ட அது, பின்னர் முராயாவுக்கு மாற்றப்பட்டது. முராயா கோனிகீ என்றே பாடநூல்கள் கூறி வந்தன. அண்மைக் கால ஆய்வுகள் அதை மீண்டும் பெர்கேராவுக்கே கொண்டுவந்துள்ளன.

இவ்வாறு கழிக்கவேண்டிய பெயர்கள் எத்தனை? கியூ தோட்டமும் அமெரிக்காவின் மிசௌரி தாவரவியல் தோட்டமும் பிறரோடு இணைந்து 2010இல் 'தாவரப் பட்டியல்' என்னும் உலகத் தொகுப்பை வெளியிட்டன. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் சிற்றின நிலையில் 10,64,035 பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஏற்கப்பட்டவை 3,50,699. இணைப்பெயர்கள் என விலக்கப்பட்டவை 4,70,624. எதுவென்று தீர்வு காணப்படாதவை 2,42,712. மூன்று ஆண்டுகளுக்கு முந்திய முதற்பதிப்பில் ஏற்கப்பட்டவை 2,98,900 மட்டுமே. இடைப்பட்ட மூன்றாண்டில் பூமியில் செடி இனங்கள் 50,000 பெருகிவிடவில்லை. ஏட்டின் நிலையே மாறியது.

2001, 2003ஆம் ஆண்டுக் கட்டுரைகளின் முரண்பாடு இங்குதான் வேர்கொண்டது. எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிப்பது அன்று இயலாததாக இருந்தது. எனவே நன்கு ஆராயப்பட்ட சில தொகுதிகளில் மொத்தப் பெயர்களுக்கும் உண்மையான இனங்களுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு, ஆராயப்படாதவற்றுக்கும் அதனைப் பொருத்தினர். எத்தனை பெயர்கள் வெறும் இணைப்பெயர்கள் என்ற விகிதம் சிறிது மாறினாலும் இறுதித் தொகை லட்சக்கணக்கில் மாறிவிடும்.

எல்லைக்கோடு எங்கே?

பெயர்க் குழப்பம் முழுதும் தீர்ந்தாலும் ஒரு வினா எஞ்சும். ஓர் இனம் முடிந்து மற்றோர் இனம் தொடங்கும் இடம் எது?

1859இல் வெளியான தம் உயிரினத் தோற்ற நூலில் டார்வின் ஒரு செய்தியைச் சுட்டினார். பிரிட்டனில் வேறுபாடு மிகுந்து காணப்படும் சில பேரினங்களை எடுத்துக்கொண்டால், பாபிங்டன் என்பவர் அவற்றில் 251 சிற்றினங்களைக் கண்டார். பெந்தம் 112 மட்டுமே கண்டார். இருவரும் ஒரே தீவின் செடிகளை நேரில் கண்டு ஆராய்ந்தவர்கள். எஞ்சிய 139 வடிவங்கள் ஒருவர்க்கு இனம். மற்றவர்க்கு இனத்தின் உள்வேறுபாடு. பிரிப்போரும் சேர்ப்போரும் என்னும் இவ்விரு போக்கினரும் அன்று தொட்டு இன்றுவரை உள்ளனர். இருவருள் எவரையும் தவறு செய்தவர் எனத் தள்ள இயலாது. நுண்ணிய வேறுபாட்டைக் காணும் கண்ணும், வேறுபாட்டின் ஊடே ஒற்றுமையைக் காணும் கண்ணும் வகைப்பாட்டுக்குத் தேவை.

குடும்பங்களின் எண்ணிக்கையில் இப்போக்கு இன்னும் தெளிவாகப் புலப்படும். விதைத் தாவரங்களுக்குப் பெந்தமும் ஹூக்கரும் 200 அளவில் குடும்பங்கள் வகுத்தனர். பூக்கும் தாவரங்களுக்கு மட்டும் அமெரிக்கரான கிரான்குவிஸ்ட் 1981இல் ஏறக்குறைய 380 வகுத்தார். ரஷ்ய அறிஞர் தக்தஜான் 1997இல் ஏறத்தாழ 590 குடும்பங்கள் கண்டார்.

மரபணு ஆய்வு இவ்விவாதத்துக்குப் புதிய சான்று தந்தது. 1993இல் மார்க் சேஸ் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள், சுமார் 500 விதைத் தாவரங்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் அமைப்பை ஒப்பிட்டு உறவுமுறையைக் கணித்தனர். அதன்வழி வந்த பன்னாட்டுக் குழு 1998இல் வெளியிட்ட வகைப்பாட்டில் பூக்கும் தாவரங்கள் 40 துறைகளாகவும் 462 குடும்பங்களாகவும் அமைந்தன. 2016இல் வந்த நான்காம் திருத்தத்தில் துறைகள் 64 ஆயின. குடும்பங்கள் 416 ஆகக் குறைந்தன.

இம்மாற்றத்தின் விளைவுகள் தமிழ்நாட்டு மரங்களிலும் காணக்கிடக்கின்றன. வெர்பினேசி குடும்பத்தில் இருந்த தேக்கும் நொச்சியும் இன்று துளசியின் குடும்பமாகிய லேமியேசியைச் சேர்ந்தவை. எருக்கு இருந்த அஸ்கிளபியடேசி தனிக் குடும்பம் என்னும் நிலையை இழந்து, அரளியின் அப்போசைனேசியில் அடங்கியது. இலவ மரத்தின் பாம்பகேசி, பருத்தியும் செம்பருத்தியும் உள்ள மால்வேசியோடு ஒன்றாயிற்று. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் உறவைப் பற்றிய மாந்தர் அறிவே இடம் மாறியது.

கருவேலின் நிலை சற்று இரங்கத்தக்கது. அக்கேசியா என்னும் பேரினப் பெயருக்கு மூலச் சான்றாக இருந்ததே அம்மரந்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட அப்பேரினம் உண்மையில் ஒரே கிளையன்று எனத் தெரிந்தபின் அதனைப் பலவாகப் பிரிக்க நேர்ந்தது. பிரிந்தவற்றுள் எதற்கு அக்கேசியா என்னும் பெயர் உரியது என்ற வழக்கு எழுந்தது. ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரம் அளவிலான இனங்கள் பெயர் மாறவேண்டியிருக்கும் என்பதால், 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு அப்பெயரை ஆஸ்திரேலியக் கிளைக்கு வழங்கியது. 2011இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதி செய்தது. கருவேல் தன் பழம்பெயரை இழந்து வாச்செல்லியா நைலோட்டிகா ஆயிற்று. ஒரு பேரினம் ஐந்தாயிற்று. பேரினங்களின் தொகை நான்கு கூடிற்று. காட்டில் ஒரு மரமும் கூடவில்லை.

எரிந்த சான்றுகள்

ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்னும் ஐயம் எழுந்தால் அதைத் தீர்க்க ஒரே வழி உண்டு. பெயரிட்டவர் சான்றாக வைத்த மூல மாதிரியை எடுத்துப் பார்க்கவேண்டும். தாளில் அழுத்தி ஒட்டப்பட்டு, சேகரித்த இடமும் நாளும் எழுதப்பட்ட ஓர் உலர்ந்த கிளையே பெரும்பாலும் அச்சான்று. பெயரின் பொருள் முழுவதும் அத்தாளில் தங்கியுள்ளது.

1943ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் பெர்லின் நகரின்மீது நடந்த வான்தாக்குதலில் டாலெம் தாவரவியல் அருங்காட்சியகம் தீப்பற்றியது. உலகின் மிகச் சிறந்த உலர்தாவரத் தொகுப்புகளுள் ஒன்றான அதன் மாதிரிகளுள் பெரும்பகுதி ஓரிரவில் சாம்பலாயிற்று. பிற நாடுகளின் காடுகளிலிருந்து பல தலைமுறையினர் கொணர்ந்த மூலச் சான்றுகள் அவற்றுள் அடங்கும். அவற்றுள் சில எந்தச் செடியைக் குறித்தன என்பதை நேரில் சரிபார்க்கும் வழி அன்றோடு அடைபட்டது.

எனினும் முற்றும் இழப்பாகிவிடவில்லை. சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மேக்பிரைடு என்பவர் 1929 முதல் பத்தாண்டுக் காலம் ஐரோப்பியத் தொகுப்புகளில் இருந்த மூல மாதிரிகளைப் பொறுமையுடன் ஒளிப்படம் எடுத்து வந்தார். பெர்லினில் எரிந்தவற்றுள் பலவற்றுக்கு இன்று எஞ்சியிருப்பது அவர் எடுத்த படமே. போர் வரும் என்று எண்ணி அவர் அப்பணியைத் தொடங்கவில்லை. தொலைவிலுள்ள ஆய்வாளர்க்கு உதவட்டும் என்றே தொடங்கினார்.

பெயர் பெயராக

ஊக விகிதங்களால் தீராத வினா, இறுதியில் உழைப்பால் விடையை நெருங்கியது. 4,22,127 என்ற மதிப்பீட்டை 2001இல் வெளியிட்ட அதே கோவார்ட்ஸ், உலகக் கலன்தாவரங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பட்டியலிடும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஈடுபட்டார். உலகெங்கும் உள்ள வல்லுநர் பலர் தத்தம் தொகுதிகளைச் சரிபார்த்து உதவினர். அவரும் துணைநின்றோரும் 2021இல் அதன் நிலையை வெளியிட்டனர். ஆராயப்பட்ட பெயர்கள் 13,83,297. அவற்றுள் ஏற்கப்பட்ட கலன்தாவரச் சிற்றினங்கள் 3,42,953.

விதைத் தாவரங்களோடு பெரணிகளையும் அவற்றின் உறவினங்களையும் சேர்த்தபின் வந்த தொகை இது. கோவார்ட்ஸ் முன்பு கூறியதைவிட இது மிகக் குறைவு. ஸ்காட்லாந்தும் வோர்ட்லியும் கூறியதைவிட மிக அதிகம். தம் முந்திய மதிப்பீட்டைத் தம் கையாலேயே திருத்த நேர்ந்தபோதும் அவர் பணியை நிறுத்தவில்லை என்பது அறிவுலகம் போற்றத்தக்கது.

இதுவும் ஒரே விடை அன்று. கிறிஸ்டன்ஹஸ், பிங் ஆகிய இருவர் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி கலன்தாவரங்கள் 3,08,312. அவற்றுள் பூக்கும் தாவரங்கள் 2,95,383. ஏனையவை பெரணிகளும், ஊசியிலை மரங்கள் போன்ற திறந்தவிதைத் தாவரங்களும் பிறவும் ஆகும். பாசிகளையும் மாசிகளையும் சேர்த்தால் தாவரங்கள் ஏறக்குறைய 3,74,000 என அவர்கள் கண்டனர். ஆயினும் 2001, 2003 மதிப்பீடுகள் 2 லட்சம் வேறுபட்டன. 2016, 2021 கணக்குகள் 35,000க்கும் குறைவாகவே வேறுபடுகின்றன. பதினைந்து, இருபது ஆண்டு உழைப்பின் பயன் இந்தச் சுருக்கமே.

பெயர் பெறாதவை

அறிந்தவற்றின் கணக்கு இது. அறியாதவற்றின் கணக்கு வேறு. ஆண்டுதோறும் ஏறக்குறைய 2,000 கலன்தாவரங்கள் அறிவியலுக்குப் புதியனவாகப் பெயர் பெறுகின்றன. பெயர் பெறவேண்டிய பூக்கும் தாவரங்கள் இன்னும் 70,000 அளவில் இருக்கலாம் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு கருதியது. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே சேகரிக்கப்பட்டு, உலர்தாவரத் தொகுப்புகளின் அலமாரிகளில் அடையாளம் காணப்படாமல் உள்ளன என்றும் அது கூறியது. புதிய இனங்களுள் 16 விழுக்காடு மட்டுமே சேகரித்த ஐந்தாண்டுக்குள் பெயர் பெற்றன. பல, அரை நூற்றாண்டுக்கு மேலும் காத்திருந்தன. கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் உள்ள உலர்தாவரத் தொகுப்புகள் பழைய தாள்களின் காப்பறையாக மட்டும் அமையாமல் இன்றும் ஆய்வுக் களமாக விளங்குவதற்குக் காரணம் இதுவே.

காத்திருக்கும் காலத்தில் காடு காத்திருப்பதில்லை. இன்னும் பெயர் பெறாத தாவரங்களுள் நான்கில் மூன்று பங்கு அழியும் ஆபத்தில் இருக்கக்கூடும் என்று கியூ தோட்டம் 2023இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. சிறிய பரப்பில் அரிதாக வளர்பவையே இதுவரை கண்ணிற்படாதவை. அழிவும் அவற்றுக்கே அருகில் உள்ளது.

1753ஆம் ஆண்டுக்குப்பின் அழிந்துபோன விதைத் தாவர இனங்கள் 571 என்று 2019இல் ஓர் ஆய்வுக் குழு கண்டது. அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நூற்றுக்கணக்கான இனங்கள் பின்னர் உயிருடன் கண்டெடுக்கப்பட்டன, அல்லது வேறு பெயரில் வாழும் இனங்களே அவை எனத் தெரியவந்தன. ஒரு பெயர் மட்டும் மறைந்ததா, ஓர் உயிரினமே மறைந்ததா என்று சொல்ல வேண்டுமானால் இணைப்பெயர்களைக் களைந்த பட்டியல் கையில் இருக்க வேண்டும். வறண்ட வேலையாகத் தோன்றும் பெயர்க் கணக்கு, உயிர்க் கணக்காவது இங்கேதான்.

தாவரங்களின் தொகையை வினவுவோர்க்கு இன்று கூறத்தக்க விடை இது: பூக்கும் தாவரங்களில் 64 துறைகள், 416 குடும்பங்கள், 13,000க்கு மேற்பட்ட பேரினங்கள், பெரணிகள் முதலியவற்றையும் சேர்த்த கலன்தாவரங்களில் மூன்று லட்சத்துக்கும் மூன்றரை லட்சத்துக்கும் இடைப்பட்ட சிற்றினங்கள், அவற்றுக்கப்பால் பெயர் பெறாது நிற்பவை பல்லாயிரம். அடுத்த பதிப்பில் இவ்வெண்கள் மாறும். மாறுவது எண்ணியோரின் குறையைக் காட்டுவதாகாது. எண்ணுதல் இன்னும் நடைபெறுகிறது என்பதையே காட்டும்.

வாயில் வேம்புக்கு நான்கு பெயர்கள் இட்டோரும், அவை நான்கும் ஒரு மரமே என்று கண்டு மூன்றைக் கழித்தோரும் அம்மரத்துக்கே தொண்டு செய்தனர். கொல்லாமையை அறமாகக் கொண்டோர்க்கு இக்கணக்கு அயலானதன்று. ஓர் உயிர் உளது என்று அறிவதே அதற்குத் தீங்கு செய்யாமைக்கு முதற்படி. உலகின் ஏதோ ஒரு மலைச்சரிவில், எவர் பட்டியலிலும் இடம்பெறாத ஓரறிவுயிர் ஒன்று இன்றும் அவ்வறிதலுக்காகக் காத்து நிற்கிறது.